பத்து மணிப் பந்தி

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலோரம் நீண்டு கிடக்கும் வலென்சியா நாட்டில், காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையே யாரையும் எந்த வேலைக்கும் தேடிப் போய்ப் பயனில்லை. கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கியிருப்பார். லாரி ஓட்டுநர் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கியிருப்பார். நகராட்சி எழுத்தரும் வங்கி மேலாளரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள். ஆரஞ்சுத் தோப்பில் கிளை கழித்துக்கொண்டிருந்தவர் கத்தரியைத் துடைத்து வைத்திருப்பார். அத்தனை பேரும் பக்கத்துக் கடையொன்றில் மேசையைச் சுற்றி அமர்ந்து, முழங்கை நீள ரொட்டியை நெடுக்காகப் பிளந்து, அதற்குள் ஒரு முழுச் சாப்பாட்டையே அடைத்துத் தின்றுகொண்டிருப்பார்கள். எழுந்ததும் குடிக்கும் காபிக்கும் பிற்பகல் இரண்டு மணிச் சாப்பாட்டுக்கும் நடுவே வரும் இந்தப் பந்தியை எஸ்மொர்சாரெட் என்பார்கள். முற்பகலில் ஏதாவது கொறிக்கும் பழக்கம் ஸ்பெயினின் மற்றப் பகுதிகளிலும் உண்டு. ஆனால் உட்கார்ந்து, பேசி, முறை தவறாமல் தொடங்கி முறையாகவே முடிக்கும் ஒரு சடங்காக அது வேரோடியிருப்பது இந்த மண்ணில்தான்.

மேசையில் காகிதம் விரித்திருக்கும். உட்கார்ந்ததும் முதலில் வருவது 'காஸ்தோ': தோலோடு வறுத்த வேர்க்கடலை, ஆலிவ் காய், உப்புநீரில் ஊறிய மஞ்சள் நிற லூபின் பருப்பு, புளிக்கவைத்த மிளகாய். ஒரு காலத்தில் உழவர்கள் ரொட்டியை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவார்கள். கடையில் உட்காரும் இடத்துக்கும் குடிக்கும் ஒயினுக்கும் இந்தக் கொறிப்புக்கும் மட்டும் காசு கொடுப்பார்கள். இன்று ரொட்டியும் கடையிலேயே கிடைக்கிறது என்றாலும் காஸ்தோ இல்லாமல் பந்தி தொடங்குவதில்லை. ஒயினில் சோடா கலந்து குடிப்பவர்களும் பீர் கேட்பவர்களும் உண்டு. பேச்சுக்கு நடுவே கடலைத் தோல் குவிந்துகொண்டே போகும். அதற்குள் சமையலறையிலிருந்து பொகடியோ என்ற அந்த அடைத்த ரொட்டி வந்துவிடும். நாம் சாண்ட்விச் என்று அறிந்திருக்கும் மெல்லிய முக்கோணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பன்றித் தொத்திறைச்சியும் இரத்தத் தொத்திறைச்சியும் அவரையோடு அடைத்தது ஒன்று. பொரித்த கணவாய் அடைத்தது ஒன்று. குதிரை இறைச்சியும் பூண்டுத் தாளும் சேர்ந்தது ஒன்று. சுட்டுத் தோலுரித்த சிவப்பு மிளகாயையும் உப்புக்கண்ட மீனையும் நாராகக் கிழித்து எண்ணெயில் ஊறவைத்தது இன்னொன்று. கடைசியில் 'கிரெமாஎட்'. ரம், சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல் சீவல், சில காபிக் கொட்டைகள் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து நெருப்பு வைப்பார்கள். நீலச் சுவாலை சாராயத்தின் காரத்தைத் தின்று தணியும் வரை காத்திருந்து, பிறகு காபியைக் கண்ணாடிக் குவளையில் மெல்ல விளிம்போடு ஊற்றுவார்கள். இரண்டும் கலக்காமல், அடியில் பொன்னிறமும் மேலே கருமையுமாக நிற்கும். அதைக் கலக்கிக் குடித்து எழுந்தால் மறுபடியும் வேலை.

இந்த உணவின் வயதைத் துல்லியமாகச் சொல்ல எந்த ஆவணமும் உதவாது. ஏழைகளின் வேளைச் சோற்றை யாரும் கணக்கில் எழுதி வைப்பதில்லை. ஆனால் அது எந்த மண்ணில் முளைத்தது என்பது தெரியும். வலென்சியா நகரத்தைச் சுற்றிக் கடல்வரை பரந்திருக்கும் பாசன நிலத்துக்கு ஓர்த்தா என்று பெயர். தூரியா ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் அதை நரம்புபோலப் பின்னியிருக்கின்றன. அராபியர் ஆட்சிக் காலத்தில் வளர்ந்து செழித்த வாய்க்கால்கள் அவை. நெல்லும் அவர்களோடு வந்து ஊன்றியதுதான். 1238-இல் அரகோன் மன்னன் முதலாம் ஜாயுமே நகரத்தைப் பிடித்தபோது வாய்க்கால்களைத் தூர்க்கவில்லை. பழைய முறைப்படியே நீர் பாயட்டும் என்று விட்டுவைத்தான். 1609-இல் மொரிஸ்கோக்கள் என்றழைக்கப்பட்ட முஸ்லிம் வழியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள். வலென்சியா நாட்டு மக்கள் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே வீச்சில் போயிற்று. வயலில் இறங்கிய கைகள் மாறின. நீர் பாய்ந்த வழி மாறவில்லை. பன்றி இறைச்சியைத் தொடாத, மது விலக்கிய ஒரு சமயத்தார் பேணி வளர்த்த வாய்க்கால்களின் கரையில்தான் இன்று பன்றித் தொத்திறைச்சி ரொட்டியும் ஒயினும் பந்தியில் பரிமாறப்படுகின்றன. வரலாறு உண்பவர்களை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. பசி எடுக்கும் நேரத்தை அது மாற்றவில்லை.

வாய்க்கால் நீரைப் பங்கிடும் நீதிமன்றம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வலென்சியாப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் இன்றும் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களுக்கு எட்டு உழவர்கள் கறுப்பு அங்கி அணிந்து வட்டமாக அமர்ந்து, வாய்மொழியாகவே வழக்குக் கேட்டு, வாய்மொழியாகவே தீர்ப்புச் சொல்கிறார்கள். 2009-இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அந்த வாசலைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதே உழவர்கள் பத்து மணிக்கு உட்காரும் மேசையைப் பற்றி அண்மைக் காலம் வரை எழுதியவர்கள் குறைவு. என் பார்வையில் இரண்டும் ஒரே குணத்தின் இரு வெளிப்பாடுகள். மேலிருந்து யாரும் வரையறுக்காத ஒரு நேரத்தைத் தாங்களே வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்த குணம் அது. 1898-இல் இரண்டு வலென்சியர்கள் இந்த வாழ்வைப் பதிந்துவைத்தார்கள். பிளாஸ்கோ இபான்யெஸ் எழுதிய 'லா பர்ராகா' நாவல் ஓர்த்தாவின் விடியலில் தொடங்கி நீர் நீதிமன்றத்தின் வழியாக ஒரு குடியானவக் குடும்பத்தின் அழிவை நோக்கி நடக்கிறது. அதே ஆண்டில் ஓவியர் சொரோயா, பாய் நிழலில் படகுக்குள் கூடியமர்ந்து ஒரே பாத்திரத்தில் பகிர்ந்துண்ணும் மீனவர்களைத் தீட்டினார். அந்த ஓவியத்தில் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. எல்லோர் கவனமும் சோற்றின் மேல் இருக்கிறது.

இந்தப் பந்தியில் இன்று மிகச் சாதாரணமாகத் தோன்றும் ரொட்டிதான் அந்நாட்டின் நெடுங்காலக் கவலை. நெல்லும் பழமும் பட்டும் விளைந்த அந்தச் செழிப்பான சமவெளியில் போதிய கோதுமை விளையவில்லை. சிசிலியிலிருந்தும் உள்நாட்டு மேட்டு நிலங்களிலிருந்தும் கோதுமை வராவிட்டால் நகரம் பட்டினி. நகரத்தின் நடுவே அல்முதீன் என்ற தானியக் களஞ்சியம் எழுந்ததும் அந்த அச்சத்தினால்தான். பக்கத்திலுள்ள புர்ஜசோட் ஊரின் மேட்டில் 1573-இல் நிலத்தைத் தோண்டி தானியக் குதிர்கள் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பணி 1806 வரை, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நடந்து, 41 குதிர்களில் வந்து நின்றது. இன்று அந்த மேடை ஒரு திறந்த முற்றம். கல் மூடிகள் தரையில் பதிந்து கிடக்கின்றன. ஊரார் மாலையில் அங்கே உலாவுகிறார்கள். அரை ரொட்டி போதுமா முழு ரொட்டி வேண்டுமா என்று கடைக்காரர் இயல்பாகக் கேட்கும் அந்தக் கேள்விக்குப் பின்னால் இத்தனை குதிர்களும் இத்தனை தலைமுறைகளின் பயமும் அடங்கியிருக்கின்றன.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பானியர்கள் எல்லாவற்றையும் தாமதமாகச் சாப்பிடுகிறார்கள் என்று வெளியூரார் வியப்பார்கள். கிரீனிச் தீர்க்கரேகை வலென்சியா மாநிலத்தின் வழியாகவே போகிறது. ஆகவே அங்கே கடிகாரம் லண்டனோடு ஒத்துப்போவதுதான் இயல்பு. ஆனால் 1940 மார்ச் 16 இரவு சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது. உலகப் போர் முடிந்தது, ஹிட்லர் போனான், பிராங்கோவும் போனான். தள்ளிய முள்ளை மட்டும் யாரும் திரும்பத் தள்ளவில்லை. அதோடு கோடைக்கென்று இன்னொரு மணி நேரமும் முன்னே தள்ளுவதால், கோடையில் வலென்சியாவின் கடிகாரம் பத்து அடிக்கும்போது சூரியன் எட்டு மணி உயரத்தில்தான் நிற்கிறது. இருட்டோடு எழுந்து வயலுக்குப் போனவன், வெயில் ஏறுமுன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்த அதே பொழுது அது. ஓர் அரசாணை எண்களை மாற்றியது. உடல்கள் வெயிலோடே இருந்துவிட்டன. வரலாற்றில் அதிகாரம் செய்யக்கூடியதற்கும் செய்ய முடியாததற்கும் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மேசையில் குவியும் அந்தக் கடலைத் தோலிலும் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. வேர்க்கடலை தென் அமெரிக்காவின் பயிர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலென்சியாவின் பேராயராக இருந்த பபியான் இ புவேரோ, பூசோல் ஊரிலிருந்த தம் தோட்டத்தில் அமெரிக்கச் செடிகளைப் பழக்கினார். வேர்க்கடலை அங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டது. 1800-இல் அதன் சாகுபடியையும் எண்ணெய் எடுக்கும் முறையையும் விளக்கி தபாரெஸ் தெ உல்லோவா என்பவர் வலென்சியாவில் ஒரு நூலே வெளியிட்டார். ஓர்த்தாவின் மணல் கலந்த நிலம் அதற்கு ஏற்றது. உலகச் சந்தையில் ஒரு வகை வேர்க்கடலை இன்றும் வலென்சியா என்ற பெயரிலேயே விற்கிறது. இதே செடி வேறு கடல்வழியாக நம்மிடமும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டின் செம்மண்ணில் பரவி, மூட்டை மூட்டையாகப் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, பிரான்சின் மார்சேய் நகர ஆலைகளில் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. மார்சேயும் வலென்சியாவும் ஒரே கடலின் கரைகள். தென்னார்க்காட்டுக் கூலியின் வியர்வையும் ஓர்த்தாக் குடியானவனின் வியர்வையும் ஒரே நூற்றாண்டில் ஒரே பயிரில் இறங்கியிருக்கின்றன. இருவரில் யாரும் மற்றவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உழுது வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்களாகிய நமக்கு அந்தத் தூரத்து மேசை முற்றிலும் அந்நியமல்ல.

இருபதாம் நூற்றாண்டு இந்தப் பந்தியை மூன்று முறை குலைக்கப் பார்த்தது. உள்நாட்டுப் போர் 1939-இல் முடிந்ததும் வந்த பங்கீட்டு அட்டைக் காலம் 1952 வரை நீடித்தது. வெள்ளை ரொட்டி கள்ளச் சந்தைப் பொருளாயிற்று. கால்நடைக்குப் போடும் கரோப் காய்களை மனிதர்கள் தின்றார்கள். பசித்த ஆண்டுகள் என்று முதியவர்கள் இன்றும் சொல்வது அந்தக் காலத்தைத்தான். ரொட்டிக்குள் இறைச்சியும் முட்டையும் பாலாடைக்கட்டியும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மூட முடியாதபடி கொடுக்கும் இன்றைய தாராளத்தில் அந்தப் பட்டினியின் நினைவு மறைந்திருப்பதாகவே நான் நம்புகிறேன். இல்லாமையை அறிந்த வீட்டில்தான் இலை நிறையப் பரிமாறுவார்கள். அடுத்து 1956 பிப்ரவரியின் கடும் உறைபனி. ஆரஞ்சு மரங்கள் கருகின. பலர் தோப்பை விட்டுப் பிழைப்புத் தேடிப் போனார்கள். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1976-இல், நகரத்துக்குத் தெற்கே அல்முசாபெஸ் ஊரில் ஃபோர்டு நிறுவனத்தின் கார் தொழிற்சாலை திறந்தது. நேற்றுவரை நாற்று நட்டவர்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு சங்கு ஊதியதும் உள்ளே போனார்கள்.

வயல் போனால் வயற்சோறும் போய்விட வேண்டும். ஆனால் அது போகவில்லை. தொழிலாளர்கள் அந்த நேரத்தையும் தங்களோடு ஆலைக்குள் கொண்டுபோனார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நீளும் வேலை நாளில் குறைந்தது 15 நிமிட இடைவேளை தர வேண்டும் என்று ஸ்பெயினின் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. பேச்சுவழக்கில் அதற்குப் பொகடியோ இடைவேளை என்றே பெயர். அல்முசாபெஸ் ஊரின் பெயரைத் தாங்கி, மிளகாய்த்தூள் பிசைந்த மயோர்க்காத் தொத்திறைச்சியும் உருகிய பாலாடைக்கட்டியும் பொன்னிறமாக வதக்கிய வெங்காயமும் சேர்ந்த ஒரு பொகடியோ பல கடைகளிலும் இடம்பெற்றது. உருகுவே நாட்டின் 'சிவீதோ' என்ற இறைச்சி ரொட்டி கடல் கடந்து வந்து, மாட்டிறைச்சியை விட்டுப் பன்றி இறைச்சியை ஏற்றுக்கொண்டு உள்ளூர்வாசியானது. தூய மரபு என்று எதையும் இந்தப் பந்தி பாராட்டியதில்லை. வந்ததையெல்லாம் ரொட்டிக்குள் சேர்த்துக்கொண்டு, நேரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த நேரமும் நீண்ட காலம் ஆண்களுடையதாகவே இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆரஞ்சைத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிய கிடங்குப் பெண்களுக்கும் அதே பொழுதில்தான் பசித்தது. கடையின் அடுப்படியில் நின்றவர்களும் பெண்களே. மேசையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது நம் காலத்தில்தான்.

இப்போது அந்தப் பந்திக்குப் புகழ் வந்திருக்கிறது. சிறந்த எஸ்மொர்சாரெட் கடைகளுக்குத் 'தங்க வேர்க்கடலை' என்றொரு பரிசு தருகிறார்கள். 1928-இல் திறந்த மத்தியச் சந்தைக் கட்டடத்துக்குள் பேர்பெற்ற சமையல்காரர் ஒருவரே கடை நடத்துகிறார். சனிக்கிழமைகளில் மிதிவண்டிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிராமத்துக் கடைகளைத் தேடிப் போகிறார்கள். மீனவர் குடியிருப்பான கபன்யாலில் வெளிநாட்டுப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். இதே கபன்யாலின் நடுவே, நாவலாசிரியர் பிளாஸ்கோ இபான்யெஸ் பெயர் கொண்ட பெருஞ்சாலையைக் கடல்வரை நீட்டுவதற்காக நூற்றுக்கணக்கான வீடுகளை இடிக்க 1998-இல் திட்டம் வந்தது. குடியிருந்தோர் ஆண்டுக்கணக்கில் போராடி அதை நிறுத்தினார்கள். ஏழைகளின் வாழ்வை எழுதியவன் பெயரால் ஏழைகளின் தெருவை அழிக்க நினைத்ததை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. புகழைக் குறை சொல்வதும் என் நோக்கமில்லை. பல கடைகள் அதனால் பிழைத்திருக்கின்றன. என் வருத்தம் வேறு. பந்தி பெருகப் பெருக, அதைப் பெற்ற நிலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. நெடுஞ்சாலைகளும் கிடங்குகளும் துறைமுகத்தின் விரிவும் ஓர்த்தாவைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டன. மேசையில் கொட்டும் வேர்க்கடலையில் பெரும்பகுதி இன்று கப்பலில் வருகிறது. நடுவில் இடுப்பு ஒடுங்கிய 'கொல்யாரெட்' என்ற பழைய உள்ளூர் வகையைச் சில உழவர்கள் மட்டும் மீட்டுப் பயிரிடுகிறார்கள்.

நீர் தந்த நாட்டில் நீரே திரும்பத் திரும்ப அழிவாகவும் வந்திருக்கிறது. 1957 அக்டோபர் 14-இல் தூரியா பெருக்கெடுத்து நகரத்துக்குள் புகுந்து எண்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகு ஆற்றையே திருப்பி நகரத்துக்குத் தெற்கே புதுப் படுகையில் விட்டார்கள். பழைய படுகை இன்று அழகான பூங்கா. புதுப் படுகை வெட்டியது ஓர்த்தாவின் வயல்களில். 2024 அக்டோபர் 29-இல் வானம் கொட்டியபோது அந்தப் படுகை நகரத்தைக் காத்தது. தெற்கே பைபோர்த்தா, கதரோஜா, அல்பபார் போன்ற ஊர்கள் வேறொரு காட்டாற்றின் வெள்ளத்தில் மூழ்கின. வலென்சியா மாகாணத்தில் மட்டும் 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்து வந்த நாட்களில் நகரத்து இளைஞர்கள் துடைப்பமும் மண்வெட்டியும் தோளில் போட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கில் புதுப் படுகையின் பாலத்தைக் கடந்து நடந்தார்கள். சேறு வாரிய தெருக்களில் கைக்குக் கை மாறியது ரொட்டிதான். பழைய கதையின் ஒழுங்கு மாறவில்லை. நகரத்துக்கு வரும் துன்பத்தை ஓர்த்தா வாங்கிக்கொள்கிறது. பிறகு எல்லோரும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

மிச்சமுள்ள நிலத்தைக் காக்க 2018-இல் வலென்சியாவின் சட்டமன்றம் ஓர்த்தாவுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு அந்தப் பாசன முறையை உலக வேளாண் மரபாக ஏற்றது. சட்டமோ ஏற்போ ஒரு வாய்க்கால் தூர்க்கப்படுவதைத் தானாகத் தடுத்துவிடாது. அந்தக் கடைகளில் உட்காருபவர்கள் கேள்வி கேட்டால்தான் அதைத் தடுக்க முடியும். படிக்கவோ வேலைக்கோ ஸ்பெயின் போகும் தமிழ்ப் பிள்ளைகள் இன்று பெருகியிருக்கிறார்கள். வலென்சியா பக்கம் போக வாய்ப்புள்ளவர்கள் நகரத்தின் பேர்பெற்ற கடைகளில் வரிசையில் நிற்காமல், பேருந்து ஏறி ஓர்த்தா ஊர் ஒன்றில் காலை பத்து மணிக்கு இறங்குங்கள். இறைச்சி உண்ணாதவர்களுக்கு உருளைக்கிழங்கு முட்டை ஆம்லெட் அடைத்த பொகடியோ பெரும்பாலான கடைகளில் உண்டு. உட்கார்ந்ததும் கடலை வரும். அது எந்த ஊர்க் கடலை என்று கேளுங்கள். உள்ளூர்க் கடலை என்றால் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.